சத்தம் கூடாத டுட்டோரியல்

"சாரே, ஹல்லபலூண்ணா என்னது?" என்று இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து தலை தூக்கிக் கேட்டாள் ரினி.

சதாசிவன் சாருக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ஆனால் அமளியைப் பற்றிக் கிசுகிசுத்தா சொல்ல முடியும்? தங்கையன் முதலாளியின் டுட்டோரியலில் ஒரே சட்டம், சத்தம் கூடாது. மணிகூடக் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி இந்த எல்லையோர ஊருக்கு வருகிற சாரை ஏற்கெனவே இரண்டு டுட்டோரியல்கள் கழற்றிவிட்டிருந்தன. இதுவும் போனால் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஐப்பசித் துலா மழையில் அவருக்கு ஒதுங்க வேறு இடமில்லை.

"கூச்சல் குழப்பம், கேட்டியா?" என்றார் தாழ்ந்த குரலில். "தூரத்து ஆளை விளிக்கிற 'ஹல்லோ'வும், ஸ்காட்லாந்துக்காரங்க தாலாட்டுல வாற 'பலூ'வும் சேந்ததுண்ணு சிலபேர் சொல்லுவினும். நிச்சயம் ஒருத்தருக்கும் தெரியாது."

"தாலாட்டு எப்பிடி சாரே கூச்சலாவும்?"

பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்கள். நல்ல வாத்தியார் என்று இவர்களாவது நம்பட்டுமே என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

"எல்லாரும் சேந்து ஒரு தடவை கூவுங்க மக்கா. அப்பம் புரியும்."

கூவினார்கள். பின்னாலிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து பதிலுக்கு ஒரு கூவல் வந்தது. அதற்கப்பால் இன்னொன்று. பிள்ளைகள் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள்.

அவர்களை அடக்க, பழைய இடத்தில் டிரில் வாத்தியாராகவும் இருந்தபோது மிஞ்சிய விசிலை எடுத்து ஊதினார். தோட்டத்தில் தடதடவென்று ஓட்டம். குளத்தில் தொபீர் தொபீரென்று ஏதோ விழுந்தது.

யாரோ தவறி விழுந்துவிட்டார்கள் என்று பதறி, சார் இறங்கி ஓடினார். வேட்டி காயாததால் அன்றைக்குக் காக்கி பேண்ட். "நில்லுங்க, ஒண்ணுமில்ல, நில்லுங்க" என்று அவர் கத்தக் கத்த, தோட்டத்தில் சுமை தூக்குகிற பெண்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

தங்கையன் வந்து குளத்தைப் பார்த்தார். சாரின் விசிலைப் பார்த்தார். பேண்டைப் பார்த்தார்.

"நாளைக்கு வரண்டாம்."

மழையில் குடைகூட விரிக்கத் தோன்றாமல் நின்றார் சதாசிவன்.

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னதுக்கா இவ்வளவும்?" என்று டுட்டோரியல் திண்ணையைப் பெருக்கிக்கொண்டிருந்த விஜயம்மாவிடம் கேட்டார்.

விஜயம்மா நிமிரவே இல்லை. "இங்க கூட்டமாக் கூவினா போலீஸ் வருதுண்ணாக்கும் அர்த்தம், சாரே. மொதலாளி எல்லை தாண்டிக் கடத்த வெச்சிருந்த அரிசி மொத்தமும் இப்பம் கொளத்துல கெடக்கு."