2,306 பேரைக் காணவில்லை

மூன்றாவது முறையாக எண்ணச் சொன்னபோதும் திரை கூசாமல் அதையேதான் சொன்னது: 7,106.

கடைக் கணினியில் இருந்த உறுப்பினர்கள் 9,412 பேர். புது சாஃப்ட்வேருக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் 7,106 பேர். நடுவில் 2,306 பேர் எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்கள் என்று யூபினுக்குத் தெரியவில்லை.

தாய்லாந்தின் நக்கோன் சவான் ஊர்ச் சந்தைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், யூபின் கைப்பை ஜிப்பை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டரில் ஏறுவாள். சோப்பு, சீப்பு, சாயம், எலிப்பொறி என்று எல்லாம் விற்கும் அந்தக் கடையில், வாங்குகிற சாமானுக்குப் புள்ளி சேர்த்து, சேர்ந்த புள்ளிக்கு இலவசச் சாமான் வாங்கிக்கொள்ளும் உறுப்பினர்களின் பட்டியலைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவள். ஒரு பெயர்கூட எழுத்துப் பிழையாய் இருக்காது. அவளுக்குப் போய் இப்படி.

முதலாளி தவீசக் மேசைமேல் கையூன்றி நின்றார். கடையைத் தொடங்கிய பெரியவர் பிரயூனின் ஒரே மகன். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அவரை வீட்டில் உட்கார வைத்தவர். பாங்காக்கில் இரண்டு நாள் கூட்டத்துக்குப் போய் இந்த சாஃப்ட்வேரையும் வாங்கிக்கொண்டு வந்தவர்.

"யூபின் அக்கா, மெஷின் பொய் சொல்லாது."

"ஆமாங்க."

"அப்ப பொய் சொல்றது யாரு?"

யூபின் திரையைப் பார்த்தாள். திரை அவளைப் பார்த்தது.

"இல்லாத ஆளுங்க பேரையெல்லாம் எழுதிப் பட்டியலை ஊத வெச்சிருக்கீங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு கணக்கும் ஒண்ணா வரணும். வரலைன்னா சனிக்கிழமை நீங்க வர வேண்டாம்."

நாற்பத்துநான்கு வயதில், உறுப்பினர் பட்டியலைத் தவிர வேறெதுவும் தெரியாதவளை எந்தக் கடை சேர்த்துக்கொள்ளும்?

செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி ஏற்றினாள். இரண்டு மணி நேரம் சக்கரம் சுற்றியது. வந்தது 7,106. கூடவே இன்னொன்றும் வந்தது. மறுபடி ஏற்றியதால் சாஃப்ட்வேர் அத்தனை பேரையும் புது ஆட்கள் என்று நினைத்து, 'உங்களை வரவேற்கிறோம், பரிசுச் சோப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று செய்தி அனுப்பிவிட்டது. மூன்று மணிக்குள் கடை வாசலில் வரிசை மீன் கடை வரைக்கும் நின்றது. ஏற்கெனவே சோப்பு வாங்கினவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

"சோப்புக்கு நீங்கதான் பதில் சொல்லணும்," என்று தவீசக் மாடியிலிருந்தே கத்தினார்.

புதன்கிழமை காலை யூபினுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் இன்னும் பயமாகிவிட்டது. கடைக் கணினி ஆளைப் பெயரை வைத்து அடையாளம் காணும். சாஃப்ட்வேரோ தொலைபேசி எண்ணை வைத்து. 2,307 பெயர்களுக்கு நேராக ஒரே எண் இருந்தது. அதனால் சாஃப்ட்வேர் அத்தனை பேரையும் பிடித்துப் பிசைந்து ஒரே ஆளாக்கி, அவர்களில் முதலில் இருந்த பிரானொம் என்ற பெண்ணின் பெயரையும் வைத்துவிட்டது. அந்த ஒரு ஆள், கைக்குழந்தை நாப்கின், பல்செட் பசை, மீசைச் சாயம், ரோஜா நிற உதட்டுச் சாயம், நாய் ஷாம்பூ எல்லாம் வாங்கியிருந்தாள். ஒரே நாளில் பதினேழு தடவை கடைக்கு வந்துபோயிருந்தாள்.

கல்லாவில் இருந்த சம்லியிடம் ஓடினாள். சம்லி உப்பும் மிளகாயும் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். கடையில் யூபினைவிட மூத்தவள் அவள் ஒருத்திதான்.

"சம்லி அக்கா, இது யாரு நம்பர்?"

சம்லி காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுவா? கோயில் நம்பரு."

"எந்தக் கோயில்?"

"நம்ம ஆத்தங்கரைக் கோயில்தான். புள்ளியெல்லாம் எனக்கு எதுக்குன்னு கேக்குறவங்ககிட்ட, அப்ப கோயில் நம்பரைப் போட்டுக்கட்டுமா, புள்ளி கோயிலுக்குப் போகும், உங்களுக்குப் புண்ணியம்னு சொல்லுவேன். யாராவது வேணாம்பாங்களா?"

"ரெண்டாயிரத்து முந்நூறு பேருக்கா போட்டீங்க?"

"ஊருல அவ்வளவு பேருக்குப் புண்ணியம் தேவைப்படுது, நான் என்ன செய்ய?"

"நான் போய்ப் பெரிய பிக்குகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

சம்லி மாங்காயைக் கீழே வைத்தாள். "என்னன்னு கேப்பே? சாமி, உங்க பேருல முந்நூறு உதட்டுச் சாயம் இருக்கு, உண்மையான்னா? ஏழு பிறவிக்கு வாய் கோணிப் பிறப்பே. பேசாம ஆளுக்கு ஒரு நம்பரைப் போட்டு விட்டுரு. யாரு பாக்கப் போறா?"

பயத்தில் இருப்பவளுக்கு யார் சொன்னாலும் நல்ல யோசனைதான். பிரானொமுக்குக் கோயில் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, மற்ற 2,306 பேருக்கும் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை 0001, 0002 என்று மாற்றிக்கொண்டே போனாள். வியாழக்கிழமை சாயங்காலம் திரையில் 9,412 வந்தது. யூபின் அழுதேவிட்டாள். தவீசக் மாடியிலிருந்து இறங்கி வந்து, "பாத்தீங்களா, மெஷின் பொய் சொல்லாதுன்னேன்ல?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை முன்னால் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு அம்மாள். பின்னால், முழுச் சீருடையில், உடம்பை முடிந்தவரை சின்னதாக்கிக்கொண்டு, ஒரு போலீஸ் அதிகாரி.

"யாரு அந்தப் பிரானொம்?" என்றாள் அந்த அம்மாள்.

கடையே நின்றுவிட்டது. அவள் கணவருடைய கைபேசியை உயர்த்திப் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள்: "'அன்புள்ள பிரானொம், நீங்கள் வழக்கமாக வாங்கும் ரோஜா நிற உதட்டுச் சாயம் இன்று ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.' வழக்கமாவாம்! வழக்கமா வாங்குறாராம்! இருபத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு சீப்பு வாங்கிக் குடுத்திருப்பாரா?"

"நான் இந்தக் கடைக்குள்ள வந்ததே இல்லைம்மா," என்றார் அதிகாரி.

"அப்ப அவளை அனுப்பி வாங்கினீங்களா?"

யூபின் சும்மா போட்ட எண்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பிரித்த பிறகும் அந்த 2,306 பேரையும் சாஃப்ட்வேர் பிரானொம் என்றே நம்பிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குள் ஒரு தலைமை ஆசிரியர், ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர், நிச்சயம் ஆகி எட்டே நாளான ஒரு மாப்பிள்ளை மூவரும் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை தனியாக வரவில்லை; மாமனாரோடு வந்திருந்தார்.

தவீசக் யூபினை மாடிக்குக் கூப்பிடவில்லை. எல்லார் முன்னாலும் கடை நடுவில் வைத்தே கேட்டார்.

"பொய் நம்பரு போட்டீங்களா?"

"போட்டேங்க."

"பொய் ஆளுங்களும் நீங்க போட்டதுதானே?"

"ஆளுங்க நிஜம்தாங்க. நம்பருதான் ஒரே நம்பரு. அது... அது கோயில் நம்பருங்க."

தவீசக்கின் முகம் மாறியது. வேலைக்காரியைத் துரத்தலாம், கோயிலை எப்படித் துரத்துவது? போலீஸ் அதிகாரியின் மனைவிகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நெஜமாவா?"

"சம்லி அக்காவைக் கேளுங்க."

எல்லாரும் சம்லியைப் பார்த்தார்கள். சம்லி சில்லறைப் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"சரி, இப்பவே கூப்பிட்டுக் கேட்டுடுவோம்," என்றார் தவீசக். "சாமி ஆமாம்னு சொன்னா உங்க வேலை உங்களுக்கு. யாரோ ஒருத்தன் எடுத்தா, இப்படியே வீட்டுக்குப் போயிடுங்க."

"பதினொண்ணரை ஆயிடுச்சே," என்று சம்லி அவசரமாகக் குறுக்கிட்டாள். "சாமிங்க சாப்பிடுற நேரம். அப்புறம் நாளைக்குக் காலையிலதான் சாப்பாடு அவங்களுக்கு. பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விட்டா பாவம்ங்க!"

"ஒரு நிமிஷம்தான் பேசப் போறேன்."

கடைத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பிக்குவின் குரல் நம் தலைக்குக் கீழிருந்து வரக்கூடாது என்று தவீசக்குக்குத் தோன்றியது. அதனால் தொலைபேசியைச் சலவைத்தூள் பெட்டிகளின் உச்சியில் ஏற்றி வைத்தார்கள். எண்ணை அழுத்திவிட்டுத் தவீசக் செருப்பைக் கழற்றித் தரையில் மண்டியிட்டார். பின்னாலேயே தலைமை ஆசிரியர், பயிற்சியாளர், மாப்பிள்ளை, மாமனார், போலீஸ் அதிகாரி, அவர் மனைவி எல்லாரும் மண்டியிட்டுக் கைகூப்பினார்கள். யூபின் கடைசியில் உட்கார்ந்தாள். அவளுடைய பத்தொன்பது வருட வேலை, சலவைத்தூள் பெட்டிமேல் மணியாய் அடித்துக்கொண்டிருந்தது.

நான்காவது மணியோசையில் யாரோ எடுத்தார்கள்.

தவீசக் நெற்றி தரையில் படக் குனிந்தார். அவர் 'சாமி' என்று வாயைத் திறப்பதற்குள், மேலேயிருந்து ஒரு கிழக்குரல் ரகசியமாய்க் கேட்டது:

"சம்லியா? பிரயூன் பேசுறேன். நம்ம கோயில் நம்பருல இந்த மாசம் எவ்வளவு புள்ளி விழுந்திருக்கு? என் பையன் காதுல விழாம மெதுவாச் சொல்லு."