பதினோரு கேள்வியும் எஞ்சின் இல்லாத வண்டியும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் முதலில் ஒரு அவமானத்தைச் சொல்லித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நாலு நாளாக உங்கள் போனை எடுக்காததற்கு வொர்க்‌ஷாப்பில் தலைக்கு மேல் வேலை என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். பொய். வொர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு டிராக்டரும் ஒரு ஜெனரேட்டரும்தான் நின்றன, அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றன. உண்மை என்னவென்றால், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்ன அந்தப் புதுக் கம்பெனி கார் ஷோரூமில், முகம் தெரிகிற மாதிரி துடைத்து வைத்திருந்த தரையில், வெள்ளைச் சட்டையோடு நான் மல்லாந்து படுத்திருந்தபோது, கோட் போட்ட மேனேஜர் ஒருவர் என் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். இழுத்தபோது ஒரு செருப்பு அவர் கையோடு போய்விட்டது. அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு எப்படி உங்களுக்குப் போன் பண்ணுவது என்று தெரியாமல்தான் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தில் முகம் தெரியாது.

எங்கே தப்பு நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் நில அளவையர், எதையும் சங்கிலி போட்டு அளக்காமல் நம்ப மாட்டீர்கள், அதனால் இந்த மின்சார வண்டியைப் பற்றி பதினோரு கேள்வி எழுதி எனக்கு அனுப்பினீர்கள். தங்கச்சியோ தினமும் நாற்பது கிலோமீட்டர் போய் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்துவிட்டு நாற்பது கிலோமீட்டர் திரும்புகிறவள். போன மாதம் மட்டும் இரண்டு தடவை நடுவழியில் வண்டி நின்றுபோய், செங்கல் லாரியில் ஏறி டியூட்டிக்குப் போயிருக்கிறாள். அவளுக்கு இந்த வண்டி மேல் ஆசை, உங்களுக்குப் பயம். சனிக்கிழமையோடு புக்கிங் சலுகை முடிகிறது, மச்சான் சொல்வதுதான் முடிவு என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டீர்கள். உங்கள் சூது எனக்குப் புரியாமல் இல்லை மாப்பிள்ளை. 'வேண்டாம்' என்று உங்கள் வாயிலிருந்து வந்தால் ஒரு வாரம் வீட்டில் பேச்சு இருக்காது. என் வாயிலிருந்து வந்தால் அது அண்ணன் சொன்ன வாக்கு. பழியைச் சுமக்க ஆள் பார்த்திருக்கிறீர்கள். இருந்தாலும் பரவாயில்லை, நம் குடும்பத்தில் இருபத்தெட்டு வருஷமாக எந்த வண்டியும் என் காதைத் தாண்டி வாசலுக்கு வந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டேனென்றால், உள்ளே எந்த பேரிங் எப்போது சாகப்போகிறது என்று தேதியோடு சொல்வேன். நீங்கள் இப்போது வைத்திருக்கிற டீசல் வண்டியும் ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டுச் சொன்னதுதான். அது நிற்பதற்குக் காரணம் அங்கே கிடைக்கிற டீசல்.

ஷோரூமுக்கு என் வீட்டுக்காரியும் கூட வந்தாள், ஏசி இருக்கும் என்பதற்காக. போனதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், ஏதோ ஒரு பட்டனைத் தொட்டாள், சீட் அவள் முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்தது, அதற்கப்புறம் அவள் என் பக்கமே திரும்பவில்லை. விற்பனைப் பெண் பொறுமைசாலி. நான் என் தொழில் முறைப்படி பானட்டைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். உள்ளே ஒரு தொட்டி. கழுவித் துடைத்த, காலியான, குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற ஒரு தொட்டி.

"எஞ்சினைக் கழட்டி சர்வீசுக்கு அனுப்பியிருக்கீங்களாம்மா?"

"இதுல எஞ்சின் கிடையாது சார். இது சாமான் வைக்கிற இடம்."

"அது தெரியும். மோட்டார் எங்க?"

"பின்னாடி சார், அடியில."

அடியில் என்று சொன்னால் நான் என்ன செய்வேன் மாப்பிள்ளை? இடுப்பில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. படுத்தேன், புகுந்தேன், மோட்டார் என்று தோன்றிய இடத்தில் வைத்தேன், "இப்ப ஆன் பண்ணும்மா" என்றேன். "ஆன்லதான் சார் இருக்கு" என்றாள். கேட்டேன், கேட்டேன், ஒரு துடிப்பு கேட்டது, லேசாக டக்டக்கென்று தட்டியது, கண்டுபிடித்துவிட்டேன் என்று பூரித்துப்போய் அரை நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது, அது என் சொந்த நாடி. அந்த நேரம் பார்த்து வண்டி வாங்க ஒரு புதுமணத் தம்பதி உள்ளே வந்திருக்கிறார்கள். ஷோரூமில் நிற்கிற புத்தம் புது வண்டிக்கு அடியில் ஒரு மெக்கானிக்கின் கால் நீட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? "வாங்குறதுக்கு முன்னாடியே ரிப்பேரா" என்று அந்தப் புதுப்பெண் கேட்டது எனக்கே கேட்டது. அவர்கள் வந்த வழியே போனார்கள். அப்புறம்தான் மேனேஜர், கால், செருப்பு எல்லாம்.

என் வீட்டுக்காரி என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? கண்ணாடியை இறக்கி மேனேஜரிடம், "அவரைப் பத்திரமா ஓரமா வெச்சுக்கங்க, நான் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்துடறேன்" என்றாள்.

ஆக டெஸ்ட் டிரைவ் எனக்குத் தர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் மனிதர் நல்லவர், அல்லது என்னை வாசலுக்கு வெளியே அனுப்ப அதுதான் சுலபமான வழி என்று கண்டுகொண்டார். வெளியே நின்ற இன்னொரு வண்டியில் முதலில் நான் ஓட்டினேன். மறைக்க மாட்டேன் மாப்பிள்ளை, சொர்க்கம். மேட்டில் ஏறும்போது கிளட்சைத் தேடி என் இடது கால் தானாக நாலு தடவை மிதித்தது, அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை, வண்டி பாட்டுக்கு ஏறிவிட்டது. எண்ணெய் வாசனை இல்லை, புகை இல்லை, கையில் நடுக்கம் இல்லை. மூன்றாவது நிமிஷத்தில் திரையில், 'நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறீர்கள், வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள்' என்று எழுத்து வந்தது. என் கண் பிறவியிலேயே சின்னது. கண்ணை அகல விரித்துக்கொண்டு ஓட்டினேன், அது எழுத்தை எடுத்துவிட்டது, சிமிட்டினேன், மறுபடி வந்துவிட்டது. "இருபத்தாறு வருஷமா நான் சொல்றேன், யார் நம்பினாங்க? இது மூணே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுச்சு" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்த சிரிப்பில் பின் சீட்டில் இருந்த விற்பனைப் பெண்ணுக்கும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் போனபோது அப்படிச் சிரித்தது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சீனக் கம்பெனியை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் வொர்க்‌ஷாப்பில் ஜாக், கம்ப்ரஸர், டார்ச், இந்தக் கடிதம் எழுத மாட்டியிருக்கிற கண்ணாடி எல்லாம் அங்கேயிருந்து வந்தவைதான், இதுவரை என்னைக் கேவலப்படுத்தியதில்லை, அந்த வேலையை உறவுக்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி என்கிறார்கள். கம்பெனிக்கு வயது மூன்று. மூன்று வயசுக் குழந்தை எட்டு வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கிறது என்றேன். அந்தப் பெண், "நம்பிக்கைதான் சார்" என்றாள். ஸ்பேர் பார்ட்ஸ் பற்றிக் கேட்டால் வரும் என்கிறார்கள், எப்போது என்று கேட்டால் கப்பலில் என்கிறார்கள். மழைத் தண்ணீரில் போகலாம், வீட்டிலேயே சார்ஜ் போடலாம், தங்கச்சி ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம். பத்துக் கேள்விக்கு இப்படி ஏதோ ஒரு பதில் இருக்கிறது, பத்திலும் வண்டிதான் ஜெயிக்கிறது. கம்பெனி பெயரை ஒரே மாதிரி இரண்டு தடவை என்னால் சொல்ல முடியவில்லை என்பது தவிர குறை இல்லை.

இடி விழுந்தது பதினோராவதில். சத்தமே இல்லாத வண்டி, ரோட்டில் நடக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்களே, அதில்தான். மெதுவாகப் போகும்போது மெல்லிசாக ஒரு விசில் மாதிரி வெளியே கேட்கும் என்று அந்தப் பெண் அடித்துச் சொன்னாள். சும்மா விடுவேனா? ரோட்டோரமாக இறங்கி நின்றேன். என் வீட்டுக்காரி வண்டியை என்னை உரசுகிற மாதிரி நடை வேகத்தில் மூன்று தடவை ஓட்டினாள். ஸ்க்ரூடிரைவர் வைக்கிற காதை வண்டிப் பக்கம் திருப்பி, மற்றக் காதை வழக்கம்போல் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு, ஒரு டீசல் மெக்கானிக் எவ்வளவு கவனமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு கவனமாகக் கேட்டேன்.

"கேட்டுச்சா சார்?" என்றாள் விற்பனைப் பெண்.

"கேட்டுச்சும்மா, நல்லா கேட்டுச்சு" என்று தலையாட்டினேன், பாவம், செருப்பு விவகாரத்துக்கு அப்புறம் அவளை இன்னும் நோகடிக்க மனசு வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன் மாப்பிள்ளை, ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு கொசு அளவுக்குக்கூட. வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னால், "எனக்கு உள்ளேயே கேட்டுதே, கண்ணாடி இறக்கித்தானே வெச்சிருந்தேன்" என்கிறாள். முதுகு பிடித்துவிட்ட கம்பெனிக்கு நன்றி காட்டுகிறாள், வேறென்ன. நாலு நாளாக இதே சண்டை. இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற கம்பெனி, பேட்டரி விஷயத்தில் மட்டும் உண்மையா பேசப்போகிறது? மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன். அந்த வண்டியை நினைத்து நானே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் வாக்கு வாக்குதான்: வேண்டாம். தங்கச்சியிடம் பதமாகச் சொல்லுங்கள், அழுதால் அண்ணனைத் திட்டச் சொல்லுங்கள். இருபத்தெட்டு வருஷத்தில் இந்தக் காது குடும்பத்தை ஏமாற்றியதில்லை.

நீங்கள் அளக்கிற நிலத்தில் எல்லாம் வரப்புச் சண்டை இல்லாமல் இருக்கட்டும், தங்கச்சி கை பட்ட ரிப்போர்ட்டெல்லாம் நல்லதாகவே வரட்டும், பிள்ளைகள் உங்கள் புத்தியோடும் எங்கள் வீட்டு நிறத்தோடும் வளரட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மச்சான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இவள் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள், சண்டை தீரட்டும் என்று நானும் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். தயாராக உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகவே, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "ஒரு காதுக்குப் பார்த்தாச்சு சார்" என்றாள் டெஸ்ட் எடுத்த பெண்.