நீ கேட்ட மௌனம் என்ஜினுடையது

போர்ட்லாண்ட், விக்டோரியா
புதன்கிழமை மதியம்

அன்புள்ள பெரில் அக்காவுக்கு,

தம்பி நெவில் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி நோலீனும் சுகம். அங்கே காஸ்டர்டனில் கல்யாணப் பெண்ணான நீயும் மாப்பிள்ளை ரெக்ஸும் சுகமாக இருப்பீர்கள், என் மேல் உள்ள கோபமும் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை தொலைபேசியில் உன் காதில் விழுந்தது வெறும் மௌனம் அல்ல அக்கா. அது உன் கார் ஓடிய சத்தம்.

"புதன்கிழமைக்குள்ள என் காதால என்ஜின் சத்தத்தைக் கேக்கணும்டா. கேக்கலேன்னா சனிக்கிழமை சர்ச்சுக்கு ரெக்ஸோட அண்ணன் ஆட்டு லாரியிலதான் போவேன்" என்று, உன் பழைய காரைப் பழுது பார்க்க என்னிடம் விட்டபோது நீ கெடு வைத்தாய். சொன்னபடி உன்னை அழைத்தேன். ரிசீவரைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கொட்டகைப் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். "என்னடா, ஒண்ணுமே கேக்கல?" என்றாய். "அதுதான் அக்கா!" என்றேன். "எதுடா?" என்றாய். "அந்த ஒண்ணுமே இல்லாததுதான்!" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். மறுபடி அழைத்தால் உன் லைன் பிஸி. ஆட்டு லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று ஊகிக்கிறேன். வேலைக்காலம் முழுவதும் பத்திரிகை நிருபராக இருந்தவன் நான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல்.

உன் காரில் மேடு ஏறும்போதெல்லாம் யாரோ கதவைத் தட்டுவதுபோல 'டொக் டொக்' என்று கேட்குமே, அதற்குக் காரணம் பேரிங். பிஸ்டன்கள் மிதிக்க மிதிக்கச் சுழலும் கனத்த இரும்புத் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அதைத் தாங்கிப் பிடிப்பவை பேரிங்குகள். உன் காரில் இருந்தவை அந்தக் கால வழக்கப்படி மெத்தென்ற உலோகத்தை உருக்கி என்ஜினிலேயே வார்த்தவை. தேய்ந்து போயிருந்தன. இப்போதெல்லாம் வளையலை இரண்டாக வெட்டியதுபோல மெல்லிய தகட்டுப் பாதிகள் வருகின்றன, பழையதைக் கடைந்து எடுத்துவிட்டு அவற்றைப் பொருத்திவிடலாம், உன் காரும் இந்தக் காலத்துக்கு வந்துவிடும் என்று சொன்னவர் மெர்வ். பக்கத்து வீட்டுக்காரர். நண்டுப் படகுகளின் என்ஜின்களோடு காலம் தள்ளியவர். கடைசல் வேலையைப் பட்டறைக்காரர்கள் குறையில்லாமல் செய்து கொடுத்தார்கள். குறை எல்லாம் பொருத்தும்போது வந்ததுதான்.

முதலில் கிராங்க் ஷாஃப்டைக் கழுவ வேண்டியிருந்தது. ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் புதுப் பேரிங்கில் கீறல் விழும். வீட்டில் அதன் நீளத்துக்கு இருப்பது குளியல் தொட்டி ஒன்றுதான். வெந்நீர் விட்டு, சோப்புப் போட்டு, படுக்க வைத்தேன். தண்ணீருக்கடியில் அது கிடந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும், நிலா வெளிச்சம் விழுந்த மீன் மாதிரி. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துண்டோடு வந்த நோலீன் எட்டிப் பார்த்துவிட்டு, "அது குளிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் அப்புறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தது பேரிங். இரண்டு பாதியில் ஒன்றுக்கு எண்ணெய் வர ஓட்டை உண்டு, மற்றதற்குக் கிடையாது. என்ஜினைத் தாங்கியில் மாட்டித் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தோம். மெர்வ் மூலையில் உட்கார்ந்து டீயும் லாமிங்டன் கேக்குமாக, கையேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் பொருத்தினேன். "ஓட்டை இருக்கறது மேல் பக்கம்" என்றார். மேலே தெரிந்தவை தண்டைப் பிடித்து நிறுத்தும் இரும்பு மூடிகள்; ஓட்டையுள்ள பாதிகளை அவற்றில் வைத்து முறுக்கிவிட்டேன். என்ஜின் தலைகீழாக நிற்கும்போது மேலே தெரிவதெல்லாம் கீழ்ப்பக்கம் என்பது எனக்கும் உறைக்கவில்லை, லாமிங்டனைத் தாண்டி மெர்வுக்கும் தெரியவில்லை.

என்ஜினை நிமிர்த்தி, அடியில் தட்டு வைத்து, டிரில் மெஷினால் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றிப் பார்த்தோம். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் குபுக்கென்று உச்சிக்குப் போனது. "பாருங்க மெர்வ், யானை பலம்!" என்று குதித்தேன். மெர்வ் குனிந்து அடியில் பார்த்தார்.

"யோவ் ரிப்போர்ட்டர், ஒரு சொட்டுகூட இறங்கலையே."

"அவ்வளவு இறுக்கமா பொருத்தியிருக்கேன்!"

"இறுக்கமா? எண்ணெய் வர்ற வழியையே தகடு போட்டு அடைச்சிருக்கய்யா! இப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா உங்கக்கா கல்யாணத்துக்கு முன்னாடி இதுக்குக் கருமாதி நடந்திருக்கும்."

"மேல் பக்கம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மேல்னா மேல்தான்யா! நீ எந்தப் பக்கமா நின்னே?"

அதன்பின் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, இடம் மாற்றினோம். இந்த முறை நான் அவசரப்படவில்லை. மெழுகு மாதிரி ஒரு மெல்லிய நூல் உண்டு. அதைத் தண்டின்மேல் கிடத்தி, மூடியை முறுக்கிக் கழற்றினால், நூல் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதை வைத்து இடைவெளி தெரியும். சரியாக இருந்தது. ஒன்று தெரியுமா அக்கா? அந்த இடைவெளியில் எண்ணெய் புகுந்துகொள்ளும். ஓடத் தொடங்கியபின் அவ்வளவு கனமான தண்டு பேரிங்கைத் தொடுவதே கிடையாதாம். முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டே சுற்றுமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கையால் தண்டைச் சுழற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது, அலையில்லாத நாளில் துறைமுகத்தில் படகு தானாகத் திரும்புமே, அப்படி.

இன்று காலை என்ஜினைக் காரில் ஏற்றி, எல்லாம் பூட்டி முடித்து ஸ்டார்ட் செய்தோம். ஓர் உறுமல், அப்புறம் மெல்லிய முணுமுணுப்பு. 'டொக் டொக்' அடியோடு போய்விட்டது. மெர்வ் கிளம்பும்போது என்னவோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. உனக்குப் போன் செய்ய வீட்டை நோக்கி நடந்தேன். நடக்க நடக்க அந்த முணுமுணுப்பும் அடங்கிக்கொண்டே வந்தது. சமையலறைக்கு வந்து உன் எண்ணைச் சுழற்றியபோது கேட்டது காற்றும் கடலும் மட்டும். பேரிங் என்றால் இதுவல்லவா பேரிங்! இதோ, அந்த அமைதியை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டேதான் இன்னும் எழுதுகிறேன். கார் கொட்டகையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆகையால் ஆட்டு லாரியை வேண்டாம் என்று சொல்லிவிடு. வெள்ளை உடுப்போடு நீ அதில் ஏறினால், இறங்கும்போது அது வெள்ளையாக இருக்காது. என்னை நம்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் எண்ணெயில் மிதக்கும் தண்டுபோல உரசலில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் தம்பி,
நெவில்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மெர்வ் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"என்ஜின் நின்னு ரொம்ப நேரமாச்சா?" என்றார்.

"நிக்கலையே, ஓடிட்டிருக்கு. கேக்கலையா உங்களுக்கு?"

குடித்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "பெட்ரோல் குழாயை மூடிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தானேய்யா போனேன்? மிச்சம் இருக்கற பெட்ரோல் தீந்து தானா நிக்கட்டும்னு. படகுல அப்படித்தானே நிறுத்துவோம்."

ஆக, காலையில் நீ கேட்டது மௌனம்தான் அக்கா. நீ சொன்னது சரி. மேலே அமைதியைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இப்போது குழாயைத் திறந்து மறுபடி ஸ்டார்ட் செய்தோம். 'டொக் டொக்' இல்லை, அது சத்தியம். ஆனால் ஊரிலுள்ள தையல் மெஷின்களெல்லாம் ஒன்றாகக் கூடித் தைப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கிறது. "என்ஜின்னா இப்படித்தான்யா இருக்கும்" என்கிறார் மெர்வ். நோலீன் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

போனில் சொன்னால் இனி நீ நம்பமாட்டாய். அதனால் இதைத் தபாலில் போடவில்லை. நானே ஓட்டிக்கொண்டு வந்து உன் கதவிடுக்கில் செருகுகிறேன். இந்த வரியை நீ படிக்கிறாய் என்றால் நான் உன் வாசலில்தான் நிற்கிறேன். என்ஜினை நிறுத்தவில்லை. சீக்கிரம் வெளியே வந்து கேள்.