நடுக்காப்பு ஐயா அரிந்த வேப்பமரம்

சண்டைக் காலத்தில் திருகோணமலை முழுவதும் ஷெல்லுக்குப் பயந்தது. நடுக்காப்பு ஐயா ஒருவர்தான் தேங்காய்க்குப் பயந்தார். தென்னைக்குக் கீழே போனால் வெயில் இல்லாவிட்டாலும் குடை விரிப்பார்.

வீட்டுக் காப்புறுதி விற்பது அவர் தொழில். சின்னது, நடு, பெரியது என்று அதில் மூன்று வகை. ஐயா நடு வகையை மட்டுமே விற்றார். தீ, காற்று, மேலிருந்து விழும் மரம், வெடித்த தண்ணீர்க் குழாய் என்று பேர் சொல்லி எழுதியதற்குத்தான் காசு. சண்டை எந்த வகையிலும் இல்லை.

எனக்கு ஒருவரிடமும் மறுத்துப் பேச வாய் வராது. ஓர்ஸ் ஹில் அடியில் இருந்த என் வீட்டுக்கு எடுத்துவிட்டேன். முன் அறையில் வாடகைக்கு இருந்து தைத்த பிலோமினா அக்காவிடம் ஐயாவின் பேச்சு எடுபடவில்லை.

"வீட்டுக்காரர் எடுத்திட்டார்தானே, ஐயா?"

"அது ஓட்டுக்கும் சுவருக்கும், பிள்ளை. உங்கட மெஷினை அவற்ற பொலிசி திரும்பியும் பாராது."

"இஞ்ச விழுறது ஷெல் மட்டும்தானே?"

"சண்டை எண்டு காத்து அடிக்காமல் விடுமோ?"

அவர் வாய் ஓயட்டும் என்றே அக்கா எடுத்தார்.

அந்த மாரியில் காற்று அடித்தது. முற்றத்து வேப்பமரம் ஓட்டைப் பிளந்து மெஷினில் விழுந்தது. இரண்டு பிள்ளைகளின் சோறு அந்த மெஷினில்தான். ஐயா ஓடி வந்தார்.

"தானாத்தான் விழுந்ததோ? நல்லது, நல்லது!"

அக்கா அவரை அடிக்கத் தும்புத்தடியைத் தேடினார்.

கொழும்பிலிருந்து காப்புறுதிக் கொம்பனித் தம்பி சேதம் பார்க்க வந்தார். "என்ன நடந்தது, அம்மா?"

அக்கா அழுதுகொண்டே, "ஷெல் விழுந்தது, தம்பி!" என்றார்.

அவரில் பிழை இல்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நிவாரணம் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் அப்படிச் சொல்லியே பழக்கம். தம்பி பையை மூடினார்.

"சண்டைக்கு ஏலாது, அம்மா."

"நில்லுங்கோ!" ஐயா பக்கத்து வீட்டில் மரம் அரியும் வாள் வாங்கி வந்தார். "ஷெல் பட்ட மரத்துக்குள்ள இரும்பு இருக்கும். வாள் உடையும் எண்டு மர ஆலைக்காரரே வாங்கமாட்டினம். அரிஞ்சு காட்டுறன்."

மூட்டை தூக்குகிறவன் நான். "தாங்கோ, ஐயா" என்று கை நீட்டினேன்.

"நீங்கள் வீட்டுக்காரர். உங்களை நம்பமாட்டார்."

வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக அரிந்தார். ஒவ்வொரு துண்டு விழும்போதும் வாளைத் தம்பியின் மூக்கடியில் பிடித்தார். "பல்லெல்லாம் இருக்கோ, பாருங்கோ!"

"காணும், ஐயா! காத்துத்தான்! ஓட்டுக்கும் எழுதுறன், மெஷினுக்கும் எழுதுறன்!"

"இன்னும் அடிமரம் கிடக்கு, தம்பி."

தம்பி போன பிறகு தேத்தண்ணீர் வந்தது. ஐயாவால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையும் கொப்புளம்.

"கைக்கு ஏதும் கிடைக்குமோ, ஐயா?" என்று அக்கா கேட்டார்.

"அதை எழுதேல்லை, பிள்ளை."

ஆட்களின் முகம் பார்க்கவே கூச்சப்படுகிற நான், அவர் குடித்து முடிக்கும்வரை கோப்பையை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றேன்.