மைல் சார் ஆம்பூரில் ஓடிய பந்தயம்

ஆம்பூர் நாய்கள் மொத்தமும் சேர்ந்து துரத்தித் தோற்றது ஒரே ஒரு மனிதரிடம்தான். எங்கள் ஷூ கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மைல் சாரிடம்.

எங்களிடம் ஓட்ட ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, சரக்கைச் சரிபார்க்க அவரை ஒரு வருஷத்துக்கு அனுப்பியிருந்தது. வயது நாற்பத்தைந்து. மற்ற இன்ஸ்பெக்டர்கள் ஷூவை வளைத்துப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். இவர் மாட்டிக்கொண்டு ஓடியே விடுவார். ஒவ்வொரு சரக்கு லாட்டுக்கும் ஒரு மைல்; அதனால்தான் எங்களுக்கு அவர் மைல் சார். பேக்கிங் சூப்பர்வைசரான நான், தொப்பையும் பைக்குமாகப் பின்னாலேயே போய் செல்போனில் நேரம் பார்க்க வேண்டும். ஒருநாள் குடியாத்தம் பஸ்ஸுக்குச் சமமாக ஓடினார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "சார், டிக்கெட் எடுத்துக்கினு உள்ளார ஓடுங்க!"

டீக்கடையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இவ்ளோ ஓடுறீங்களே, இன்னா மெடல் சார் வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வாலிபத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் அங்கே பெரிய ஆளாம். ஒலிம்பிக்ஸுக்கு மூன்று பேரை எடுக்கும் பந்தயத்தில் நாலாவதாக வந்தாராம். அப்புறம் முழங்காலில் ஆபரேஷன். கால் தேறியது, மனசு தேறவில்லை. பந்தயம் என்று அதன்பிறகு ஓடியதே இல்லை.

தையல் செக்‌ஷன் பெண்களில் மூத்தவரான ஷமீம் ஆப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஸ்போர்ட்ஸ் டேல ஓடச் சொல்லு. மாட்டேன்னு பேஜார் பண்ணா மெஷினை நிறுத்திடுவோம்னு சொல்லு!" என்றார். சொன்னேன். பயந்துபோய் ஒத்துக்கொண்டார்.

பந்தயத்தன்று அவர் ஷூ லேஸை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். எதிரில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர். அதில் தோல் மூட்டை தூக்கும் ஏழுமலை வெறுங்காலோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

கடைசிச் சுற்று. மைல் சார் நாலாவது! ஆயிரம் பேர் கத்துகிறோம். ஒருவனைத் தாண்டினார். இன்னொருவனையும்! ஏழுமலைதான் பாக்கி. ஒரு முழ வித்தியாசத்தில் ஏழுமலை ஜெயித்துவிட்டான்.

"செகண்டு! செகண்டு!" என்று மைல் சார் குதித்தார். ஏழுமலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்.

"சார், எறக்குங்க! லுங்கி அவுருது!"

வருஷம் முடிந்து அடுத்த மாதம் மைல் சார் ஊருக்குப் போய்விட்டார்.

பந்தயம் முடிந்து மூன்று நாள் எனக்குக் குரலே வரவில்லை. யாருக்காகவும் நான் அப்படிக் கத்தினதில்லை. இப்போது அப்படிக் கத்த ஆளும் இல்லை.