ஒன்று மாதிரி காட்டிய பெட்டி

ஜவ்வாது மலையில் பேய் பிடித்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேயைப் பெட்டிக்குள் பிடித்துவைத்து, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் புள்ளி சார் ஒருவர்தான்.

எண்பதுகளில் எங்கள் மலைமேல் மழையை அளக்க ஒரு முகாம் போட்டார்கள். நான் அங்கே சமையல். ஆலங்காயம் சந்தையிலிருந்து காய்கறி சுமந்து வருவது என் வீட்டுக்காரர். புள்ளி சார் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பொறுப்பு. எண்ணுக்கு நடுவில் வைக்கிற புள்ளியைப் பற்றியே பேசுவார், அதனால் அந்தப் பேர். சொந்தப் பேரைக் கேட்க எனக்கு வெட்கம். அவரோ என்னைவிடக் கூச்சக்காரர். குழம்பு வேண்டுமென்றால் குழம்புச் சட்டியைப் பார்த்துத்தான் கேட்பார்.

பெட்டியோடு மட்டும் வாய் ஓயாது. ஜன்னல் வழியாக மூடுபனி நுழைந்து அறையே வெள்ளையாகிவிடும். நடுவில் பச்சை எழுத்து மட்டும் கண் மாதிரி மினுக்கும். "இன்னா ஒளிச்சு வெச்சிருக்க?" என்று அதட்டிக்கொண்டிருப்பார். ஆளில்லாதபோது அது தானாகவே காகிதத்தில் டக்டக்கென்று அடிக்கும். நான் சிலுவை போட்டுக்கொண்டு டீயை வாசலிலேயே வைத்துவிடுவேன். பாதி எறும்புக்குப் போகும்.

ஒருநாள் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "யம்மா, இதுக்கு அரை தெரியும், கால் தெரியும். பத்துல ஒரு பங்குன்னா தெரியாது. உள்ள ஏறக்குறைய ஒரு எண்ண வெச்சிக்கினு, நமக்கு மட்டும் சரியா காட்டும்." எனக்கு மயிர்க்கால் குத்திட்டது.

மேல்சரிவில் மழை ஒன்று என்கிற அளவைத் தொட்டால் கரண்ட் சங்கு ஊத வேண்டும். அதைக் கேட்டு, கீழே ஓடையைக் கடக்கிறவர்கள் கரையிலேயே நின்றுகொள்வார்கள். சங்கைப் பெட்டியோடு இணைத்தவர் புள்ளி சார். சோதனைக்கு அரை, இன்னோர் அரை என்று கொடுத்துப் பார்த்தார். ஒன்று ஆனதும் சங்கு அலறியது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சாருக்கு ஒரே சந்தோஷம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மேலே மழை பிடித்தது. என் வீட்டுக்காரர் திரும்பும் நேரம். பெட்டி மழையைப் பத்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டே வந்தது. திரையில் ஒன்று என்று எழுந்தது. சங்கு ஊதவில்லை. ஒன்றைத் தாண்டியும் போயிற்று. அப்போதும் சத்தமில்லை. பெட்டிக்கு முன்னால் சார் மூச்சும் என் மூச்சும் பனியாகக் கலந்து நின்றன.

"அது ஒன்னு இல்ல யம்மா," என்றார் புள்ளி சார். குரல் அவர் குரலாகவே இல்லை. "ஒன்னு மாதிரி காட்டுது. உள்ள மயிரிழை கம்மி. சரியா ஒன்னு ஆனாதான் ஊதணும்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

"எங்க வூட்டுக்காரரு ஓடைக்கு வந்திருப்பாரு சார்," என்றேன்.

சங்கைக் கையால் ஊதவிடத் தனி விசை கிடையாது. என் சோற்றுக் குண்டானைத் தூக்கினார், கரண்டியால் அடித்துக்கொண்டே சரிவில் ஓடினார். பின்னாலேயே ஓடினேன். பனிக்குள் ஆளைக் காணோம். டண் டண் என்று சத்தம் மட்டும் மரங்களுக்குள் இறங்கிப் போயிற்று. சோறு வடித்த எனக்கே அது குண்டான் சத்தமாகத் தோன்றவில்லை.

மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம். பனிக்குள் மணி கேட்டால் சாமி குறுக்கே போகிறது என்று சுமையை இறக்கி, தலை குனிந்து அசையாமல் நிற்பார்கள். அன்று அக்கரையில் அப்படித்தான் நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் என்னைப்போலச் சிலுவை போடுகிற வேதக்காரர்தான். ஆனாலும் கூட்டத்தோடு நின்றுவிட்டார். அவர்கள் காலுக்கு முன்னால் செந்தண்ணீர் மரத்தைப் புரட்டிக்கொண்டு போயிற்று.

வெள்ளம் வடிந்ததும் மேலே வந்த என் வீட்டுக்காரர், "சாமி எந்தப் பக்கம் சார் போச்சு?" என்று கேட்டார்.

"நான்தாங்க அது," என்றார் புள்ளி சார், குண்டானைப் பார்த்துக்கொண்டு. ஒருவரும் நம்பவில்லை.

மனிதர் நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். நான் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன். என் புருஷன் தலையைத் துவட்டியது அதற்கப்புறம்தான்.