நுஹாதின் நிலவறையில் கலங்கிய நீர்

எருசலேமின் குளங்களுக்கு வேதாகம இலக்கியத்தில் உள்ள மகத்துவம் எந்தப் பிளம்பருக்கும் புரியாது. அதனால்தான் நுஹாதின் வீட்டுக்குள் பிளம்பர் அனுமதிக்கப்படவில்லை.

பழைய நகரத்தில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். நுஹாத் கேட்டது ஒரு குழாயை மாற்ற. அவள் சமையலறைக்குக் கீழே நிலவறை. அதில் கணுக்கால் அளவு தண்ணீர். சுவர் ஊறிப்போய், மேலே சமையலறையில் விரல் நுழையும் விரிசல். வீடு நிற்பதே அந்தச் சுவரில்தான். மனு கொடுத்த ஐந்தாம் மாதம் தொல்நீர்நிலை ஆய்வுக் கழகத்திலிருந்து மூன்று அறிஞர்கள் வந்தார்கள்.

தலைவர் பேராசிரியர் ஹோல்ம்கிரென் ரப்பர் பூட்ஸுடன் இறங்கினார். சரியாகப் பத்து மணிக்கு மூலையில் தண்ணீர் குமிழியிட்டுக் கலங்கியது. பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார்.

பெதஸ்தா குளத்தின் கதை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தேவதூதன் அவ்வப்போது நீரைக் கலக்குவான். முதலில் இறங்கும் நோயாளி சுகமாவான். இறக்கிவிட ஆளில்லாமல் முப்பத்தெட்டு வருடம் கிடந்தான் ஒருவன். இயேசு வந்து அவனைக் குணமாக்கி, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போகச் சொன்னார். அந்தக் குளத்துக்கு ஐந்து மண்டபங்கள். நுஹாதின் நிலவறையில் ஒரே ஒரு வளைவு இருந்தது. மீதி நான்கும் 'எதிர்பார்க்கப்படுகின்றன' என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

"உஸ்தாத், அது மாடி வீட்டு விதாத்," என்றாள் நுஹாத். "பத்து மணிக்குத் துணி போடுவா. மெஷின் தண்ணி இங்க வருது."

இடைக்கால அறிக்கை இதை மிகுந்த மரியாதையுடன் பதிவு செய்தது: 'நீரைக் கலக்கும் தேவதையின் பெயர் உள்ளூர் மரபில் விதாத். மாடியில் வசிப்பதாக நம்பப்படுகிறது.'

நுஹாத் தேவதையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். விதாதின் தோளில் ஈரத் துண்டு, வாயில் துணிக் கிளிப்.

"நான் தேவதையா?" என்றாள் விதாத். "என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் பெண்கள் இருவரும் மெஷினில் துணி நீலம் கலந்தார்கள். நிலவறையில் தண்ணீர் நீலமாக வந்தது. அறிவியல் முறைப்படி இது போதுமான நிரூபணம். கழகமும் அப்படியே கருதி, 'வானின் நிறமும் மீட்பும்' என்று தன் மாநாட்டில் தனி அமர்வு ஒதுக்கியது. பிறகு ஒரு வாரம் விதாத் மெஷினில் துணியே போடவில்லை. 'குளத்தின் துயர மௌனம்' பற்றி மூன்று கட்டுரைகள் வந்தன. மாநாட்டன்று மௌனம் நீடித்துவிடக் கூடாதே என்று கழகத்திலிருந்து விதாத் வீட்டுக்கு ஒரு மூட்டை சோப்புத் தூள் போனது.

"என்னடி பண்ண," என்றாள் விதாத், நுஹாதின் முகத்தைப் பார்க்காமல். "நல்ல பவுடர்டி."

மாநாடு நுஹாதின் சமையலறையில் நடந்தது. ஒன்பது உரைகள். ஏலக்காய் போட்ட காப்பி அவள்தான் போட்டாள். விரிசலில் இப்போது அவள் கையே நுழைந்தது. ஒரு அறிஞர் தன் குடையை அதில் மாட்டிவைத்திருந்தார்.

இறுதியில் முடிவு வாசிக்கப்பட்டது. குளத்துக்குப் பேராபத்து இருந்தது. காரணம், அதன் மேல் இருக்கும் வீடு. உரிய அலுவலகமும் ஒப்புக்கொண்டுவிட்டது. முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"நுஹாத் அம்மா, உங்க வீடு இலக்கியத்துல இடம் பிடிச்சிருச்சு," என்றார் பேராசிரியர். "கடைசியா நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

நுஹாத் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை.

"கரையில கிடந்தவன்கிட்ட, சுகமாகணுமான்னு அவர் முதல்ல கேட்டாரு. அப்புறம் காலைக் குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் படுக்கையைச் சுருட்டச் சொன்னாரு," என்றாள். "நீங்க நேரா படுக்கையைச் சுருட்டச் சொல்லிட்டீங்க."